பெட்டியில் 0–5 வோல்ட், பின்னில் எவ்வளவு? லேசர் ஷோ கன்ட்ரோலர்கள்: நிற வெளியீட்டை மட்டும் வைத்து ஒரு விமர்சனம்

கணினியில் இருக்கும் படத்தை லேசர் ப்ரொஜெக்டருக்கு வோல்டேஜாக மாற்றித் தரும் பெட்டிதான் லேசர் ஷோ கன்ட்ரோலர். அதை வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது மூன்றே கேள்வி. எத்தனை கேபிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஆயிரம் புள்ளி), எந்த சாஃப்ட்வேரில் ஓடும், கடைசி விலை என்ன. நிற வெளியீட்டைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. பெட்டியின் மேல் ‘அனலாக் 0–5 வோல்ட்’ என்று அச்சடித்திருந்தால் அதோடு சரி. ப்ரொஜெக்டரில் மாட்டிய பிறகுதான் தெரியும்: வெளிச்சம் பழைய கன்ட்ரோலரில் இருந்ததில் பாதிகூட இல்லை, வெள்ளை நீலமடிக்கிறது, பச்சை விட்டுவிட்டு எரிகிறது. உடனே ப்ரொஜெக்டரைத் திறந்து டயோடு டிரைவரில் (லேசர் டயோடுக்குக் கரன்ட் தரும் போர்டு) இருக்கும் ட்ரிம்பாட்டை, அதாவது அளவைக் கூட்டிக் குறைக்கும் குட்டித் திருகை, திருகி வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறார்கள். அப்போதைக்கு வேலை முடிந்தது போலத்தான் இருக்கும். அடுத்த வாரம் யாராவது ஒழுங்கான 5 வோல்ட் தரும் வேறொரு கன்ட்ரோலரைக் கொண்டுவந்து அதே ப்ரொஜெக்டரில் சொருகினால், டயோடுக்குப் போகும் கரன்ட் இரட்டிப்பாகி அங்கேயே செத்துப்போகும். லேசர் டயோடுக்கு ஃபியூஸ் போல எரிந்து காப்பாற்றும் குணம் கிடையாது. மைக்ரோ விநாடிகளில் முகப்பு கருகிவிடும்.

ஆகவே இந்த விமர்சனம் கன்ட்ரோலர்களை ஒரே ஒரு கோணத்தில் பார்க்கிறது: முழு வெள்ளை கொடுத்தால் எந்த இரண்டு பின்களுக்கு நடுவே எத்தனை வோல்ட் வருகிறது, குறைந்தால் ஏன் குறைகிறது, எங்கே சரிசெய்ய வேண்டும். மலிவான யுஎஸ்பி பெட்டிகளுக்கு இங்கே பெயர் கிடையாது. ஒரே போர்டு பல பெயரில் பல நிறப் பெட்டியில் வருகிறது, அதே பெயரில் அடுத்த லாட்டில் உள்ளே வேறு ஐசி இருக்கிறது. பெயரைப் பார்த்து வாங்க முடியாது. வெளியீட்டுப் பகுதி எந்த வகை என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எந்த இரண்டு பின்?

1986-ல் தொடங்கிய இன்டர்நேஷனல் லேசர் டிஸ்ப்ளே அசோசியேஷன், சுருக்கமாக இல்டா, டிபி-25 கனெக்டருக்கு ஒரு ஒழுங்கு வகுத்திருக்கிறது. 1-ம் 14-ம் எக்ஸ் (கற்றையின் இடவல அசைவு), 2-ம் 15-ம் ஒய் (மேல்கீழ் அசைவு), 3-ம் 16-ம் இன்டென்சிட்டி (மொத்த வெளிச்சம்), 5-ம் 18-ம் சிவப்பு, 6-ம் 19-ம் பச்சை, 7-ம் 20-ம் நீலம். ஒவ்வொரு ஜோடியிலும் முதல் எண் பிளஸ், இரண்டாவது மைனஸ். 4-ம் 17-ம் இன்டர்லாக் (கேபிள் கழன்றால் லேசரை நிறுத்தும் பாதுகாப்பு), 13 ஷட்டர் (லேசரைத் திறந்து மூடும் சிக்னல்), 25 கிரவுண்ட்.

குழப்பமெல்லாம் அந்த மைனஸ் பின்களில்தான். இல்டா முறைப்படி நிற சிக்னல் டிஃபரன்ஷியல். முழு வெளிச்சத்தில் பிளஸ் பின் கிரவுண்டிலிருந்து 2.5 வோல்ட் மேலே ஏறும், மைனஸ் பின் 2.5 வோல்ட் கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவே அளந்தால்தான் 5. மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையை 25-ல் வைத்து சிவப்பு முனையை 5-ல் வைத்தால் 2.5 தான் காட்டும். ‘வோல்டேஜ் பாதிதான் வருது’ என்று திருப்பி அனுப்பப்படும் கன்ட்ரோலர்களில் கணிசமானவை எந்தக் குறையும் இல்லாதவை. கறுப்பு முனையை 18-க்கு மாற்றினால் விஷயம் முடிந்தது.

மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் வேறு வழியில் போகின்றன. பிளஸ் பின்னில் நேரடியாக 0–5 வோல்ட். மைனஸ் பின்கள் மூன்றும் உள்ளே கிரவுண்டோடு இணைப்பு. இதுவும் தப்பில்லை, எந்த ப்ரொஜெக்டரிலும் ஓடும். தப்பு எங்கே வருகிறது என்றால், சில போர்டுகளில் மைனஸ் பின்களை எதோடும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பின்களின் வித்தியாசத்தை எடுக்கும் டிஃபரன்ஷியல் ரிசீவர் உள்ள நல்ல ப்ரொஜெக்டரில் இதை மாட்டினால் சரியாகப் பாதி வோல்டேஜ்தான் போய்ச் சேரும். காரணம் எளிது. ரிசீவர் என்பது ஒரு ஆப்-ஆம்ப்பும் (வோல்டேஜைப் பெருக்கவும் கழிக்கவும் பயன்படும் ஐசி) நான்கு சமமான ரெசிஸ்டர்களும். மைனஸ் பக்கம் எதுவும் இணைக்கப்படாவிட்டால் அந்த ஆப்-ஆம்ப் வெறும் ஃபாலோயராக, அதாவது வந்ததை அப்படியே தருவதாக, மாறிவிடும். பிளஸ் பக்கத்தில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள் 5 வோல்ட்டை இரண்டாகப் பிரித்து 2.5 ஆக்கியிருக்கும், அந்த 2.5 அப்படியே டிரைவருக்குப் போகும். மல்ட்டிமீட்டரில் கன்ட்ரோலர் 5 காட்டும், ப்ரொஜெக்டர் மங்கலாக எரியும். இரண்டு பக்கமும் பழி சுமத்திக்கொண்டு நாள் போகும். தீர்வு மூன்று துண்டு ஒயர்: கன்ட்ரோலர் பக்க கனெக்டரில் 18, 19, 20-ஐ 25-உடன் சேர்த்து சால்டர் செய்தால் போதும். இன்டென்சிட்டியைப் பயன்படுத்தும் ப்ரொஜெக்டராக இருந்தால் 16-ஐயும் சேர்க்க வேண்டும். இதைச் செய்வதற்கு முன் மைனஸ் பின்கள் நிஜமாகவே அந்தரத்தில்தான் இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். முழு வெள்ளை ஓடும்போது 18-க்கும் 25-க்கும் நடுவே மைனஸ் 2.5 வந்தால் அது டிஃபரன்ஷியல் கன்ட்ரோலர். அதில் ஒயர் போட்டால் வெளியீட்டை ஷார்ட் செய்ததாகிவிடும்.

இதற்கு நேரெதிரான கூட்டணியும் உண்டு. டிஃபரன்ஷியல் கன்ட்ரோலர், மலிவான ப்ரொஜெக்டர். அந்த ப்ரொஜெக்டர்களில் பல, உள்ளே 18, 19, 20-ஐ கிரவுண்டில் கட்டிவிட்டு பிளஸ் பின்னை நேரே டயோடு டிரைவருக்கு அனுப்புகின்றன. கன்ட்ரோலரில் மைனஸ் பின்னை ஓட்டும் தலைகீழ் ஆப்-ஆம்ப் மைனஸ் 2.5-க்கு இறங்கப் பார்க்கும், ப்ரொஜெக்டர் விடாது. நடுவில் 100 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் ஒரு நிறத்துக்கு 25 மில்லி ஆம்பியர் வீணாக ஓடும். ரெசிஸ்டரே இல்லாத போர்டில் ஐசி தன் உச்ச கரன்ட்டில் போய் நின்று கொதிக்கும். சின்ன டிசி-டிசி கன்வெர்ட்டரால் அதைத் தாங்க முடியாமல் சப்ளை சரியத் தொடங்கினால் பிளஸ் பக்கமும் 2.5-க்குக் கீழே போய்விடும், படத்தின் ஓரங்களும் நசுங்கும். ஐசி மேல் விரலை வைத்தால் வைத்த வேகத்தில் எடுக்க வைக்கும் சூடு இருந்தால் இதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அளப்பது எப்படி

ப்ரொஜெக்டரின் லேசர் எரியாத நிலையில்தான் எல்லா அளவும். சாவியை அணைத்து, கேபிளைக் கழற்றி, முதலில் கன்ட்ரோலரைத் தனியாக அளக்க வேண்டும். ஷோவுக்கு வாடகைக்குப் போகும் ப்ரொஜெக்டர்கள் அநேகமாக எல்லாமே கிளாஸ் 4, அதாவது கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்தான உச்ச வகை. கேபிளில் கை வைக்கும்போது ஸ்கேனர் நின்று ஒற்றைக் கற்றை சுவரைத் துளைத்துக்கொண்டு நிற்க வாய்ப்பு உண்டு.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர், 25 திருகுகள் உள்ள டிபி-25 பிரேக்அவுட் போர்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் சிஎன்சி மெஷினுக்கான எல்பிடி போர்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஆப்டோகப்ளரும் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஐசி) பஃபரும் இருக்கும், நமக்கு ஆகாது. பின் ஒவ்வொன்றும் நேராகத் திருகுக்கு வரும் வெறும் போர்டுதான் வேண்டும். பிரேக்அவுட் இல்லாமல் கனெக்டரிலேயே முனையை வைத்து அளப்பவர்கள் கவனிக்க: பின்களுக்கு நடுவே இடைவெளி 2.77 மில்லிமீட்டர்தான், முனை கொஞ்சம் சறுக்கினால் பக்கத்துப் பின்னோடு ஒட்டும். ஆண் கனெக்டரையும் பெண் கனெக்டரையும் எதிரெதிரே பார்க்கும்போது எண் வரிசை இடவலமாக மாறும். பிளாஸ்டிக்கில் பொடியாக அச்சிட்ட எண்ணை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

மல்ட்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். எழுத்தோ அனிமேஷனோ ஓடும்போது நடுநடுவே பிளாங்கிங் (கற்றையை அணைத்துவிட்டு நகர்த்துவது) வரும், அந்த நேரத்தில் வோல்டேஜ் பூஜ்யம். 5 வோல்ட் நிஜமாகவே வந்தாலும் மீட்டரில் 3 என்று தெரியும். எனவே உடைப்பே இல்லாத ஒரு முழு வட்டம், ஒரே நிறம், நிற மதிப்பு 255. சாஃப்ட்வேரில் மாஸ்டர் பிரைட்னஸ் 100, ஜோன்களில் போட்ட வெளிச்சக் குறைப்பு எதுவும் இல்லாமல், நிற அமைப்பில் மேக்ஸிமம் முழுதாக, மினிமம் பூஜ்யமாக இருக்க வேண்டும். பாங்கோலினின் லேசர் ஷோ சாஃப்ட்வேரான க்விக்‌ஷோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் இந்த இரண்டும் தனித்தனியாக உண்டு. பழைய ப்ரொஜெக்டருக்காக யாரோ மேக்ஸிமத்தை 60-ல் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். வன்பொருளைத் தோண்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஆசிலாஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெயின்ஸில் ஓடும் ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் எர்த்தோடு இணைந்திருக்கும். அதை 18-ல் மாட்டினால், லேப்டாப் சார்ஜர் வழியாகவோ வேறெங்கோ கன்ட்ரோலரும் எர்த்தில் இருந்தால், மைனஸ் வெளியீடு ஷார்ட். கிளிப்பை 25-ல் மட்டும் மாட்டி, இரண்டு சேனலில் 5-ஐயும் 18-ஐயும் பார்த்து கழித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று எண்களில் கிடைக்கும் விடை

255-ஐ மட்டும் அளந்தால் ‘குறைவு’ என்று தெரியும், ஏன் என்று தெரியாது. அதே வட்டத்தை 128, 192, 255 என்று மூன்று மதிப்பில் ஓட்டி மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். 8 பிட் நிறத்தில் ஒரு படி 19.6 மில்லிவோல்ட், ஆரோக்கியமான கன்ட்ரோலரில் 2.51, 3.76, 5.00 வர வேண்டும்.

1.25, 1.88, 2.50 என்று எல்லாமே துல்லியமாகப் பாதி வந்தால் மேலே சொன்ன டிஃபரன்ஷியல் குழப்பம்: அளந்த பின் தப்பு, அல்லது மைனஸ் பக்கம் ஷார்ட், அல்லது தலைகீழ் ஆப்-ஆம்ப் செத்திருக்கிறது. கேபிளைக் கழற்றியும் 18-ல் மைனஸ் 2.5 வரவில்லை என்றால் கன்ட்ரோலருக்குள்ளேயே கோளாறு. நெகட்டிவ் சப்ளையே போயிருந்தால் வட்டம் பாதியில் வெட்டுப்பட்டுத் தெரியும், ஏனென்றால் எக்ஸ், ஒய் இரண்டும் அதே சப்ளையில்தான் கீழே இறங்குகின்றன. வட்டம் முழுதாக இருந்து நிறம் மட்டும் பாதி என்றால் சப்ளையைச் சந்தேகிக்க வேண்டாம்.

2.51, 3.5, 3.5 என்று மேலே போகாமல் முட்டி நின்றால் அது கிளிப்பிங். எல்எம்324 ஐசியை வெறும் யுஎஸ்பி 5 வோல்ட்டில் ஓட்டும் போர்டுகளின் கையெழுத்து இது. அந்த ஐசியின் வெளியீடு தன் சப்ளைக்கு ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும். 178-க்கு மேலே எந்த நிற மதிப்பு கொடுத்தாலும் ஒன்றுதான். ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஃபேடு செய்யும்போது கடைசிப் பகுதியில் எதுவுமே மாறவில்லை என்ற புகார்களெல்லாம் இங்கிருந்து வருபவை.

1.79, 2.69, 3.57 என்று எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்து, கேபிளைக் கழற்றியதும் 5-க்குத் திரும்பினால் சுமை அதிகம். கன்ட்ரோலரின் வெளியீட்டில் 470 ஓம் தொடர் ரெசிஸ்டர், ஒரே லைனில் வரிசையாக மாட்டிய நான்கு ப்ரொஜெக்டர், ஒவ்வொன்றின் உள்ளீடும் 4.7 கிலோ ஓம் என்றால் நான்கும் சேர்ந்து 1175 ஓம். 5 வோல்ட் 3.57 ஆக இறங்கும். ஒரே ப்ரொஜெக்டர்தான், அப்படியும் இறங்குகிறது என்றால் உள்ளே ஆப்டோகப்ளர் உள்ளீடு இருக்கிறதா என்று பாருங்கள். 6என்137 போன்றவை ஒரு நிறத்துக்குப் பல மில்லி ஆம்பியர் இழுக்கும்.

நான்காவதாக ஒன்று உண்டு, மல்ட்டிமீட்டருக்கு அது தெரியாது. நிலையான வட்டத்தில் 5 வோல்ட் கச்சிதமாக வருகிறது, ஆனால் எழுத்து மங்கல், புள்ளிகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 30 கேபிபிஎஸ்ஸில் ஒரு புள்ளிக்கு 33 மைக்ரோ விநாடிதான். வெளியீட்டில் 1 கிலோ ஓமும் 10 நானோஃபாரடும் இருந்தால் அதற்குள் 96 சதவீதம் ஏறிவிடும். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று யாராவது 100 நானோஃபாரட் போட்டிருந்தால் ஒரு புள்ளிக்குள் 28 சதவீதம்தான். கெபாசிட்டரை மாற்றினால் சரியாகிவிடும்.

பாதி வோல்டேஜ் என்றால் பாதி வெளிச்சமா?

இல்லை, அதைவிட மோசம். டயோடு ஒரு குறிப்பிட்ட கரன்ட் வரை லேசராக எரியவே எரியாது. உதாரணமாக டிரைவர் 5 வோல்ட்டுக்கு 1000 மில்லி ஆம்பியர் தருகிறது, டயோடின் தொடக்கக் கரன்ட் 200 என்று வைத்துக்கொள்வோம். 2.5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். அதில் 200 போக மீதி 300 தான் வெளிச்சமாகும். முழு வெளிச்சத்துக்கு 800. ஆக 37.5 சதவீதம். தொடக்கக் கரன்ட் 350 உள்ள டயோடாக இருந்தால் அதே 2.5 வோல்ட்டில் 23 சதவீதம்தான். நிறத்துக்கு நிறம் இந்தத் தொடக்கம் வேறுபடுவதால்தான் வோல்டேஜ் குறையும்போது மூன்று நிறமும் சேர்ந்து மங்காமல் வெள்ளை ஒரு பக்கமாகச் சாய்கிறது. ‘சிவப்பு டயோடு போயிடுச்சு’ என்று கொண்டுவரப்படும் ப்ரொஜெக்டரை அவிழ்ப்பதற்கு முன் 5-க்கும் 18-க்கும் நடுவே ஒரு முறை அளந்துவிடுவது செலவில்லாத சோதனை.

டிடிஎல் டிரைவர் உள்ள சின்ன ப்ரொஜெக்டர்களில் கதை வேறு. அங்கே மங்கல் கிடையாது, எரியும் அல்லது எரியாது. உள்ளீட்டில் 74எச்சிடி வகை ஐசி என்றால் 2 வோல்ட் வந்தாலே ஆன். 74எச்சி வகை 5 வோல்ட்டில் ஓடினால் 3.5 வேண்டும். ஒரே ப்ரொஜெக்டருக்குள் சிவப்புக்கு ஒரு வகை டிரைவரும் பச்சைக்கு வேறொன்றும் போட்டிருப்பார்கள். 2.5 வோல்ட் கொடுத்தால் ஒரு நிறம் எரியும், இன்னொன்று எல்லைக்கோட்டில் நின்று துடிக்கும். இஎஸ்பி32 போன்ற 3.3 வோல்ட் சிப்பிலிருந்து பஃபர் இல்லாமல் நேரே பின்னுக்குக் கொடுக்கும் வீட்டுத் தயாரிப்புகளிலும் இதே துடிப்பைப் பார்க்கலாம்.

வகை வாரியாக

மலிவான யுஎஸ்பி பெட்டி. காசுக்கு ஏற்ற பொருள்தான், ஆனால் பெட்டியைத் திறக்கத் துணிவு இருப்பவர்களுக்கு மட்டும். 14 கால் ஆப்-ஆம்ப்பில் 4-வது கால் பாசிட்டிவ் சப்ளை, 11-வது கால் நெகட்டிவ் அல்லது கிரவுண்ட். 4-ல் பிளஸ் 12, 11-ல் மைனஸ் 12 அளவில் வந்தால் உள்ளே ஒழுங்கான கன்வெர்ட்டர் இருக்கிறது, நிறம் 5 வரை தாராளமாக ஏறும். 4-ல் 5 வோல்ட் மட்டும் வந்து ஐசி எல்எம்324 என்றால் 3.5-ல் முட்டப்போகிறது. அதை எடுத்துவிட்டு எம்சிபி6004 போடலாம். கால் வரிசை ஒன்றே, வெளியீடு சப்ளை விளிம்பு வரை ஏறும், வேகமும் போதும். ஆனால் அதன் சப்ளை உச்சவரம்பு 6 வோல்ட். 4-வது காலை அளக்காமல் 12 வோல்ட் போர்டில் போட்டால் முதல் ஆனிலேயே புகை. அதோடு, யுஎஸ்பியில் வருவது 4.6 என்றால் எந்த ஐசி போட்டாலும் 4.6-க்கு மேல் கிடைக்காது. ஐந்து மீட்டர் மெல்லிய யுஎஸ்பி எக்ஸ்டென்ஷனும் சப்ளை இல்லாத ஹப்பும் சேர்ந்தால் இது சர்வசாதாரணம். லேப்டாப்பைக் கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இல்டா கேபிளை நீளமாக இழுப்பதே புத்திசாலித்தனம்.

ஹீலியோஸ் போன்ற திறந்த வன்பொருள் கன்ட்ரோலர்கள். எக்ஸ், ஒய்க்கு 12 பிட், நிறத்துக்கு 8 பிட். நம் கோணத்தில் இதன் பெரிய பலம் பிட்களில் இல்லை. சர்க்யூட் வரைபடம் வெளிப்படையாகக் கிடைக்கிறது. எந்தப் பின் எங்கே போகிறது, தொடர் ரெசிஸ்டர் எவ்வளவு, மைனஸ் பின்கள் என்ன செய்யப்பட்டிருக்கின்றன என்று காசு கொடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். பழுது வந்தால் ஊகம் செய்யத் தேவையில்லை. சின்ன ஷோக்காரர்களுக்கு இந்த வகையைத்தான் முதலில் சொல்வோம்.

பாங்கோலின் எஃப்பி4 போன்ற நெட்வொர்க் கன்ட்ரோலர்கள். பெரும்பாலும் ப்ரொஜெக்டருக்குள்ளேயே பொருத்தப்பட்டு வருபவை. நீளமான இல்டா கேபிளே கிடையாது என்பதால் இந்தக் கட்டுரையில் உள்ள தொல்லைகளில் முக்கால்வாசி எழவே எழாது. ப்ரொஜெக்டர் தயாரித்தவரே வோல்டேஜைப் பொருத்திவிட்டிருப்பார். விலைதான் வாடகைத் தொழிலில் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

எஸ்டி கார்டிலோ டிஎம்எக்ஸிலோ (மேடை விளக்குகளை இயக்கும் சிக்னல்) ஓடும் மெயின்போர்டுகளில் இருக்கும் இல்டா சாக்கெட்டுகளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது கஷ்டம். சவுண்ட் கார்டை கன்ட்ரோலராக்கும் முறை பொழுதுபோக்குக்கு நன்று. ஆடியோ வெளியீட்டில் டிசியைத் தடுக்கும் கெபாசிட்டர்களை நீக்கி, அதற்குப் பிறகு நிறத்தை 0–5-க்கு உயர்த்தும் பெருக்கி போர்டும் கட்ட வேண்டும். கட்டணம் வாங்கிச் செய்யும் ஷோவுக்கு வேண்டாம்.

கேபிள் என்னும் குற்றவாளி, ஆனால் நீளத்துக்காக அல்ல

‘முப்பது மீட்டர் கேபிள், அதான் வோல்டேஜ் குறையுது’ என்பது அடிக்கடி காதில் விழும் விளக்கம். கணக்குப் போட்டால் நிற்காது. 28 கேஜ் செம்பு ஒயர் மீட்டருக்கு 0.21 ஓம், போக வர 60 மீட்டருக்கு சுமார் 13 ஓம், 5 மில்லி ஆம்பியர் ஓடினால் 64 மில்லிவோல்ட். கண்ணுக்கே தெரியாத இழப்பு.

உண்மையான வில்லன் பழைய பிரின்டர் கேபிள். பேரலல் போர்ட்டில் 18 முதல் 25 வரை எல்லாமே கிரவுண்ட். செலவைக் குறைக்க, அந்த எட்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே ஒயரில் இழுத்த கேபிள்கள் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. இல்டாவில் 18, 19, 20 என்பவை மூன்று நிறங்களின் மைனஸ். அந்தக் கேபிளைப் போட்டதுமே டிஃபரன்ஷியல் கன்ட்ரோலரின் மூன்று தலைகீழ் வெளியீடுகளும் ஷார்ட், வெளிச்சம் காலி. சோதனை அரை நிமிடம்: இரண்டு முனையும் கழற்றிய கேபிளில் 18-க்கும் 25-க்கும் நடுவே மல்ட்டிமீட்டரை பீப்பரில் வையுங்கள். பீப் அடித்தால் அந்தக் கேபிள் இல்டாவுக்கு லாயக்கில்லை. அப்படியே 25 ஒயரும் நேருக்கு நேர் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சீரியலுக்கான கிராஸ் கேபிள்களும் அதே கனெக்டரில் வரும். 25-வது பின் அறுந்திருந்தாலும் டிஃபரன்ஷியல் ஜோடி ஓரளவு ஓடும், கிரவுண்டை நம்பி 0–5 தரும் பெட்டி கண்டபடி ஆடும்.

நிறங்கள் எல்லாம் சரியாக இருந்தும் மொத்தமும் மங்கல் என்றால் 3-க்கும் 16-க்கும் நடுவே இன்டென்சிட்டியை அளக்க மறக்காதீர்கள். சில ப்ரொஜெக்டர்கள் அதைக் கொண்டு மூன்று நிறத்தையும் பெருக்குகின்றன. சில கன்ட்ரோலர்கள் அந்தப் பின்னைச் சும்மா விட்டுவிடுகின்றன. 13-ல் ஷட்டர் சிக்னல் 5 வோல்ட் வரவில்லை என்றால் மங்கல் கூட இருக்காது, ஒரேயடியாக இருட்டு.

சரிசெய்யும் இடம்

டிஃபரன்ஷியல் கன்ட்ரோலரும் சிங்கிள் எண்டட் (பிளஸ் பின்னை மட்டும் பார்க்கும்) ப்ரொஜெக்டரும் வைத்திருப்பவர்கள் ட்ரிம்பாட்டைத் தொடாமல் ஒரு ரிசீவர் போர்டு கட்டிக்கொள்ளலாம். டிஎல்074 ஒன்று, நான்கு ஆம்ப்களும் சிவப்பு, பச்சை, நீலம், இன்டென்சிட்டிக்கு. ஒவ்வொன்றுக்கும் 10 கிலோ ஓம், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் நான்கு, மொத்தம் பதினாறு. சாதாரண 5 சதவீத ரெசிஸ்டர் போட்டால் கழித்தல் சரியாக நடக்காது, கேபிளில் ஏறும் இரைச்சல் லேசருக்குப் போய் கறுப்பில் மெல்லிய மினுக்கம் தெரியும். சப்ளைக்கு ஏ0512எஸ்-1டபிள்யூ மாட்யூல், 5 வோல்ட்டிலிருந்து பிளஸ் மைனஸ் 12 தரும். சப்ளைக் கால்கள் இரண்டிலும் ஐசிக்கு ஒட்டினாற்போல 100 நானோஃபாரட். போர்டை ப்ரொஜெக்டருக்குள், டிரைவருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கன்ட்ரோலர் பக்கம் வைத்தால் டிஃபரன்ஷியலாக இழுத்ததற்கே அர்த்தமில்லை. ப்ரொஜெக்டருக்குள் 18, 19, 20-ஐ கிரவுண்டில் கட்டியிருந்தால் முதலில் அதை அறுத்துவிட வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 12 வோல்ட்டில் ஓடும் ஆப்-ஆம்ப், ஆன் ஆகும் கணத்திலோ ஒரு ஒயர் விட்டுப்போனாலோ, வெளியீட்டை 10 வோல்ட்டுக்கு மேலே தூக்கி அடிக்கும். 5 வோல்ட்டுக்கான டிரைவருக்கு அது போனால் டயோடு மிச்சமிருக்காது. ஒவ்வொரு வெளியீட்டிலும் 100 ஓம் தொடராக, அதன் பிறகு கிரவுண்டுக்கு ஒரு ஜீனர், அதாவது குறிப்பிட்ட வோல்டேஜுக்கு மேல் ஏற விடாத டயோடு. 5.1 வோல்ட் ஜீனர்தான் கைக்கு முதலில் வரும், ஆனால் குறைந்த கரன்ட்டில் அது 5.1-க்கு முன்பே கசிய ஆரம்பித்து, எதற்காக இவ்வளவு பாடுபட்டோமோ அந்த வோல்டேஜைக் கொஞ்சம் தின்றுவிடும். டிரைவரின் உச்சவரம்பு இடம் கொடுத்தால் 5.6 போடுங்கள். கையில் இருந்தது என்று 4.7 போட்டுவிட்டு 255-ல் முட்டுகிறதே என்று தேடுபவர்களும் உண்டு.

போர்டைக் கட்டி முடித்ததும் டிரைவரை இணைக்காமல் 0, 128, 192, 255 நான்கையும் ஓட்டிப் பாருங்கள். பூஜ்யத்தில் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் பிளாங்கிங்கில் கோடு தெரியும். அடுத்து கன்ட்ரோலரின் யுஎஸ்பியைப் பிடுங்கி மாட்டி, அந்த நேரத்தில் வெளியீடு எவ்வளவு தாவுகிறது என்று ஸ்கோப்பில் பார்க்க வேண்டும். யாராவது முன்பே ட்ரிம்பாட்டைத் திருகியிருந்தால், டிரைவரை இணைப்பதற்கு முன் அதைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவந்து, டயோடுக்குத் தொடராக அம்மீட்டர் வைத்து, 5 வோல்ட்டில் டயோடின் அனுமதித்த கரன்ட்டைத் தாண்டாமல் மெதுவாக ஏற்றுங்கள். அம்மீட்டர் ஒயரைக் கழற்றுவது எப்போதும் சப்ளையை அணைத்த பிறகுதான். ஓடும்போது கழற்றி மாட்டினால் டிரைவர் ஏற்றி வைத்திருக்கும் உச்ச வோல்டேஜ் மொத்தமும் டயோடின் மேல் விழும்.